முகம் காட்டாமல் புத்தகம் போடுவது எப்படி

பெயர் சொல்லாமல் வலைப்பூ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு பதிப்பாளர் இதைப் புத்தகமாகப் போடலாமா என்று கேட்கிறார். சரி என்று சொல்வதற்கு முன், உங்கள் நிஜப் பெயர் இப்போது யாருக்கெல்லாம் தெரியும், புத்தகம் வந்தால் இன்னும் யாருக்கெல்லாம் தெரிய வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வலைப்பூவில் ரகசியம் உங்கள் கையில் மட்டும் இருந்தது. புத்தகம் என்றால் எடிட்டர், கணக்குப் பார்ப்பவர், வக்கீல் என்று ஆள் கூடிக்கொண்டே போகும், பெயர் கசிவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான்.

2013-இல் ராபர்ட் கால்பிரைத் என்ற பெயரில் எழுதியது 'ஹாரி பாட்டர்' எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங்தான் என்று வெளியே வந்தது எப்படி? அவருடைய வக்கீல் அலுவலகத்தில் ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் சொன்னார், அந்தத் தோழி ட்விட்டரில் எழுதிவிட்டார். அவ்வளவு வசதியும் சட்ட பலமும் உள்ளவருக்கே இந்த நிலை.

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் லங்காஷயர் போலீஸில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹார்ட்டன், 'நைட்ஜாக்' என்ற பெயரில் எழுதிய வலைப்பூவுக்காக 2009-இல் அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசு வாங்கினார். தி டைம்ஸ் பத்திரிகை அவர் பெயரை வெளியிடத் தயாரானபோது நீதிமன்றத்துக்குப் போனார், வலைப்பூ எழுதுவது பொதுவெளிச் செயல் என்று சொல்லி நீதிபதி கைவிரித்துவிட்டார். வலைப்பூ மூடப்பட்டது, வேலையில் எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. அந்தப் பத்திரிகையின் நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்திருந்தார் என்பது 2012-இல்தான் அம்பலமானது, 42,500 பவுண்டு நஷ்டஈடும் கிடைத்தது, ஆனால் வெளியே போன பெயர் மறுபடி ரகசியமாகவில்லை. எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் சம்பவம் இது.

அதனால் புனைபெயருக்கென்று தனி மின்னஞ்சல் வைத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண் போன்ற இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போடுங்கள். பாஸ்வேர்டை மீட்கும் கேள்விகளுக்கு உங்களைத் தெரிந்தவர்கள் ஊகிக்கக்கூடிய பதில் வேண்டாம். கையெழுத்துப் பிரதியை வேர்டு கோப்பாக அனுப்பினால் அதன் விவரப் பகுதியில் உங்கள் பெயரோ அலுவலகத்தின் பெயரோ உட்கார்ந்திருக்கலாம், அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். போனில் எடுத்த படத்தில் இடம்கூடப் பதிவாகியிருக்கலாம்.

பதிப்பாளரிடம் பெயரை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒப்பந்தம் நிஜப் பெயரில் இருந்தால்தான் நாளைக்கு ராயல்டி பாக்கியைக் கேட்க முடியும், ராயல்டிக்கு டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்க பான் எண்ணும் கேட்பார்கள். அதற்குப் பதிலாக, நிறுவனத்தில் யார் யாருக்குப் பெயர் தெரியலாம், வெளியே சொன்னால் என்ன பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பின்னட்டைப் படம் கிடையாது, சென்னை புத்தகக் காட்சியில் ஸ்டாலுக்கு வந்து கையெழுத்துப் போட மாட்டேன் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஜனவரி நெருங்கும்போது சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பதிப்புரிமை பற்றிக் கவலை வேண்டாம். நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி புனைபெயர் நூலுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு, அதற்குள் எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டால் வழக்கம்போல அவர் இறந்த பிறகு 60 ஆண்டு. பழைய வரைவுகளையும் வலைப்பூவின் லாகினையும் பத்திரமாக வைத்திருங்கள், எழுதியது நீங்கள்தான் என்று நிரூபிக்க அவை உதவும்.

அப்புறம், நீங்கள் எழுதிய மனிதர்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், வேலை, குடும்ப விவரம் மூன்றும் சேர்ந்தால் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும், அவர்கள் வழியாக நீங்களும் தெரிந்துவிடுவீர்கள். அவதூறு வழக்குக்கும் புனைபெயர் கவசமாகாது. மத்திய அரசு ஊழியர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அரசை விமர்சித்து எழுதக் கூடாது என்ற 1964-ஆம் ஆண்டு நடத்தை விதி, புனைபெயரில் எழுதினாலும் பெயரே போடாமல் எழுதினாலும் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் வெளியே வரலாம். ஏபி லீ என்ற பெயரில் தன் அந்தரங்க வாழ்க்கையை வலைப்பூவில் எழுதிய லண்டன்காரர் ஸோயி மார்கோலிஸை 2006-இல் புத்தகம் வந்த சில நாட்களிலேயே ஒரு ஞாயிறு பத்திரிகை அம்பலப்படுத்தியது, சினிமாவில் பார்த்துவந்த வேலையும் கைவிட்டுப் போனது. 'பெல் டி ஜூர்' என்ற பெயரில் தான் முன்பு பாலியல் தொழில் செய்த அனுபவத்தை எழுதிய விஞ்ஞானி புரூக் மக்னான்டி 2009 நவம்பரில் தானே ஒரு பத்திரிகையைத் தேர்ந்தெடுத்துப் பேசினார், அதனால் முதல் வார்த்தை அவருடையதாக இருந்தது. நீங்களும் ஒரு பக்க அறிக்கையை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், வீட்டிலும் அலுவலகத்திலும் யாரிடம் முதலில் சொல்வீர்கள் என்பதையும் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.