டெரியர் குட்டியை மண்ணுக்கடியில் இறங்கப் பழக்குவது: அவசரப்படக்கூடாத இடம் வளைவு

எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். கிழங்கு திரளும் நேரத்தில் பெருச்சாளி புகுந்தால் ஒரே இரவில் பாதிப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிடும். பகலில் அவை பதுங்குவது பாதைக்கு அடியில் ஓடும் பழைய மூடிய கானிலும் (வடிகாலிலும்), கல்கட்டு இடுக்குகளிலும்தான். மருந்து வைத்தோம், பக்கத்து வீட்டுப் பூனைதான் செத்தது. அதன் பிறகுதான் ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற சின்ன வேட்டைநாய் இனத்தின் கலப்பில் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கினேன். பெயர் சுட்டி. அவளைப் பழக்கியதில் நான் கற்றதைத்தான் எழுதுகிறேன், செய்த பிழையையும் சேர்த்து.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருச்சாளி தோண்டுகிற வளைக்குள் எந்த டெரியரும் நுழையாது, அவ்வளவு சின்னது. நாய் இறங்க முடிந்த இடம் கான், மதகு, கல்கட்டுக்குள் இருக்கும் பொந்து, லயத்துத் தரைக்கு அடியில் உள்ள இடைவெளி, அவ்வளவுதான். நம் வேலைக்கு அது போதும்.

குட்டியும் அளவும்

டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘டெர்ரா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஜாக் ரஸ்ஸல் என்பது இங்கிலாந்தில் 1795 முதல் 1883 வரை வாழ்ந்த ஒரு பாதிரியாரின் பெயர். வளைக்குள் ஒளியும் நரியைக் கடிக்காமல் வெளியே கிளப்புகிற நாய்களை அவர் வளர்த்தார். அந்த இனத்துக்கு இன்றும் நெஞ்சளவுதான் முக்கியம். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் சுற்றளவு 40 முதல் 43 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரவிதியே சொல்கிறது. நாடா இல்லையென்றால் இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடியுங்கள், விரல்நுனிகள் தொட்டுக்கொண்டால் சரி. கலப்புக் குட்டி என்றால் வளர்ந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். நெஞ்சு பெருத்த நாயைக் குறுகிய இடத்துக்குள் அனுப்பவே வேண்டாம்.

விளையாட்டாக நான்கு மாதத்தில் தொடங்கலாம். பல் மாறும் நேரத்தில் வாயால் இழுக்க வைக்காதீர்கள். உண்மையான கானுக்குள் இறங்குவது ஒரு வயதுக்குப் பிறகுதான். சுட்டியை ஏழாம் மாதமே இறக்க எனக்கும் ஆசை இருந்தது, நல்லவேளை இறக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஊசி. விசர்நாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சல் பாகம் உள்ள தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஒவ்வொரு வருடமும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில்தான் அந்தக் கிருமி இருக்கும், நாம் நாயை அனுப்புவதும் அதே மண்ணுக்குத்தான். மிருக வைத்தியரிடம் எலிக்காய்ச்சல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பொதுவாக ஊசி போட்டாயிற்றா என்று கேட்டால் போதாது.

சுரங்கம் செய்வது

நான் பயன்படுத்தியது பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய பைனஸ் பலகை. ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், உள்ளே ஒன்பது அங்குல அகலம், ஒன்பது அங்குல உயரம். இரண்டு பக்கமும் மேலும் மட்டும் பலகை, கீழே வெறும் மண். மேல் பலகைக்கு ஆணி அடிக்காமல் சும்மா வையுங்கள். நாய் பயந்தாலோ சிக்கினாலோ ஒரே தூக்கில் திறக்க முடிய வேண்டும். இப்படி நான்கு பெட்டி போதும்.

பிளாஸ்டிக் பைப் வேண்டாம். எளிதில் கிடைக்கிறது என்று பலர் அதைத்தான் வாங்குகிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. உள்ளே வழுக்கும், நகம் பிடிக்காது, வளைவில் நாய் திரும்ப இடமில்லை, மேலே திறக்கவும் முடியாது. வழுக்கி ஒரு தடவை மோவாய் அடிபட்ட குட்டி அடுத்த நாள் அந்தப் பக்கமே வராது.

முதல் வாரம் ஒரு பெட்டிதான், இரண்டு வாயும் திறந்தபடி. இந்தப் பக்கம் குட்டியை வீட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கம் நான் மண்ணில் படுத்து, நெத்தலிக் கருவாட்டை உள்ளங்கையில் வைத்துக் கூப்பிடுவேன். கருவாட்டை விடச் சிறந்த தூண்டில் இதற்கு இல்லை. பிஸ்கட்டுக்கு மணம் போதாது. ஓடி வந்ததும் கொடுத்து, தடவி, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். பிறகு இரண்டு பெட்டி, மூன்று பெட்டி. இதில் யாருக்கும் சிரமம் இருக்காது.

வளைவு

இங்கேதான் நான் பிழை செய்தேன். நேர்ச் சுரங்கத்தில் ஒன்பதடி ஓடுகிறாளே என்று நான்காவது பெட்டியை நேரே தொண்ணூறு பாகையில் திருப்பி வைத்தேன். சுட்டி உள்ளே போனாள், வளைவில் நின்றாள், பின்னால் வர முயன்றாள். நான் கையை விட்டு அவள் இடுப்பைத் தள்ளினேன். ஒரு சின்ன ஊளை, அவ்வளவுதான். அடுத்த மூன்று வாரம் அந்தப் பெட்டிகளைக் கண்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு லயத்து வாசலில் போய்ப் படுத்துக்கொண்டாள். எந்த நாயையும் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். எவ்வளவு செல்லமாகத் தள்ளினாலும் இருட்டுக்குள் இருக்கிற அதற்கு அது வேறு ஏதோ பிடித்த மாதிரிதான்.

நேரே ஓடும்போது எதிரே வெளிச்சம் தெரிகிறது. வளைவு வந்ததும் வெளிச்சமும் இல்லை, பின்னால் திரும்பவும் இடமில்லை, மீசைமயிர் இரண்டு பக்கமும் பலகையில் உரசுகிறது. அந்த இடத்தில் போகலாமா என்று நாய் தானே முடிவு செய்தால்தான் பிறகு நிஜமான இருட்டில் நிதானமாக இருக்கும்.

நான் திருத்திக்கொண்டது இப்படி. கடைசிப் பெட்டியை மிகக் கொஞ்சமாக, கை அகலத்துக்கு மட்டும் சாய்த்தேன். சேரும் இடத்து மேல் பலகையை எடுத்துவிட்டேன், அதனால் வானம் தெரியும். இரண்டு நாள் அப்படி ஓடினாள். பிறகு இன்னும் கொஞ்சம் சாய்வு. முழுத் திருப்பம் வந்த பிறகுதான் அந்தத் திறந்த இடத்தின் மேல் உரச்சாக்கைக் கால்வாசி இழுத்தேன், அடுத்து அரைவாசி, அடுத்து முழுவதும். பலகையை மூடியது கடைசியில். எல்லாம் சேர்ந்து பதினாறு நாள். வளைவின் உள்மூலையில் பலகைக் கூர் இருந்தால் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள், விலா அதில்தான் உரசும்.

அந்த நாட்களில் சுரங்க வாயில் கன்னத்தை மண்ணில் வைத்துப் பாருங்கள். நகம் பறிக்கும் சத்தம் நிற்கும். மூச்சு மட்டும் கேட்கும், மூக்கால் சின்னச் சின்னதாக இழுக்கும் மூச்சு. வெள்ளை வால்நுனி அசையாமல் நிற்கும். அப்போது கூப்பிடாதீர்கள், கை தட்டாதீர்கள். சுட்டி ஒரு நாள் அப்படியே இரண்டு நிமிடம் போல நின்றாள். பிறகு வால் மெதுவாகக் கீழே இறங்கியது, சட்டென்று காணாமல் போனது, மறுபக்கம் மூக்கு முழுக்க மண்ணோடு வந்தாள்.

மணமும் குரைப்பும்

வெளிநாடுகளில் டெரியர்களின் திறமையைப் பார்க்க வைக்கும் சோதனைகளில் சுரங்க முடிவில் எலியைக் கம்பிக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார்கள், நாய் அதைத் தொட முடியாது. நான் எலி வைக்கவில்லை. பெருச்சாளி படுத்த காய்ந்த புல்லை உறை போட்ட கையால் எடுத்து, துளையிட்ட ரின்னுக்குள் மூடி, சுரங்கத்தின் கடைசியில் வைத்தேன். மோந்து குரைத்தால் உடனே பாராட்டு. தோண்டினால், கடித்தால் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பேன். நமக்கு வேண்டியது குரைப்புத்தான். அது இடத்தைக் காட்டினால் போதும், பெருச்சாளி தானாகக் கிளம்பி வெளியே வைத்த கூண்டுக்குள் போகும்.

உண்மையான கானில்

கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள். தேயிலை வேரில் மாட்டினால் நாயால் தானாக விடுபட முடியாது. ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் இறங்க வேண்டும். பின்னால் இன்னொன்று போனால் முன்னால் இருப்பதற்கு வெளியே வர வழியே இல்லை. மம்பட்டியும் அலவாங்கும் கையில் இல்லாமல் போகாதீர்கள். இரண்டு நாள் மழை பெய்திருந்தால் வேண்டாம். ஒக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கத்துச் செம்மண் ஊறி நிற்கும், கல்கட்டு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு மாதமும் சுட்டிக்குப் பெட்டிகளோடு விளையாட்டு மட்டும்தான்.

பொந்தின் வாயில் முள் கிடந்தாலோ கடித்த எலும்பு கிடந்தாலோ அது முள்ளம்பன்றியின் இடம், அப்படியே திரும்பி வாருங்கள். சருகு குவிந்த இடத்தில் கோப்பி விரியன் சுருண்டு கிடக்கும், முதலில் டோர்ச் அடித்து நீளக் கம்பால் தட்டுங்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். பக்கத்துப் பாத்திக்காரர்களிடம் எலி மருந்து வைத்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்து தின்ற நாய்க்குச் சில நாள் கழித்துத்தான் ஈறில் இரத்தம் தெரியும். சந்தேகம் வந்ததுமே மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம்.

வெளியே வந்ததும் கண்ணை உப்புநீரால் கழுவி, மூக்குத் துவாரம், காது, விரலிடுக்கு எல்லாவற்றிலும் அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, அடுப்படியில் படுக்க வையுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை இல்லாமல் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு அப்புத்தளைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டார், நாய் உள்ளே போகிறது, ஆனால் கூப்பிட்டால் வருவதில்லை, என்ன செய்வது என்று. விசாரித்ததில், குட்டி வெளியே வந்ததும் ஒவ்வொரு தடவையும் சங்கிலி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வெளியே வருவது என்றால் விளையாட்டு முடிந்தது என்று அதற்குப் பழகிவிட்டது. வந்ததும் கருவாடு கொடுத்து உடனே திரும்பவும் உள்ளே விடச் சொன்னேன், ஐந்தாறு தடவை அப்படியே. கடைசித் தடவைக்குப் பிறகும் சங்கிலியை உடனே போடாமல் கொஞ்ச நேரம் மண்ணில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கச் சொன்னேன். பத்து நாளில் கூப்பிட்ட குரலுக்கு வருகிறதாம்.