குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பிராசசரைத் தேடுகிறார்கள். பிறகு மதர்போர்டு, ரேம். மிச்சமிருக்கும் பணத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. இப்படிப் போனால், விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கும் பாகத்துக்குத்தான் கடைசியில் பணம் பற்றாமல் போகும். நான் இங்கே சொல்லும் வரிசை திரையில் தொடங்கி உள்ளே போகிறது. ஒரு பாகத்தை முடிவுசெய்தால் அடுத்த பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதல்முறை கட்டுபவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

படி 1: எந்த விளையாட்டு, எந்தத் திரை?

நீங்கள் அதிகம் விளையாடப் போகும் 3 விளையாட்டுகளின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (திரையில் வரையப்படும் தனித்தனிப் படம்) வருகிறது என்பதே முக்கியம். அங்கே பிராசசருக்கு வேலை அதிகம். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டுதான் திணறும்.

அடுத்து மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் (படத்தின் புள்ளிகள்). 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 83 லட்சம், அதாவது 1080பியைப் போல 4 மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இத்தனை பிக்சல்களையும் கார்டு வரைந்தாக வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால் 1080பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள மானிட்டர் போதும் என்பது என் உறுதியான கருத்து. 60 ஹெர்ட்ஸ் திரையில் படம் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறுகிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடிக்கு ஒருமுறை. மவுஸை அசைத்த உடனேயே கைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

படி 2: பணத்தைப் பங்கு போடுங்கள்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதமுள்ள, கம்ப்யூட்டருக்கான தொகையில் 40 சதவீதத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 30 சதவீதம். மீதியில் ரேம், எஸ்எஸ்டி (விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் பாகம்), பவர் சப்ளை, கேபினட். ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறி இறங்குபவை என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் நகரும். கார்டின் பங்கு 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் பட்டியலை மறுபடி போடுங்கள்.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

நேரம் செலவழித்துத் தேட வேண்டிய பாகம் இதுதான். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கார்டிலுள்ள மெமரி. விளையாட்டின் டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் இங்கேதான் உட்காரும். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கும். அது பல மடங்கு மெதுவான பாதை. சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே இருந்தாலும் திடீர் திடீரென்று படம் தடுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1080பிக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். புதிய கதை விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில் ஆட வேண்டுமென்றாலோ 1440பிக்குப் போக நினைத்தாலோ 12 ஜிபி பாருங்கள். 4 ஜிபி கார்டை இப்போது புதிதாக வாங்காதீர்கள்.

இரண்டாவது, பெயரில் ஏமாறாமல் இருப்பது. ஒரே பெயரில் இரண்டு வேறு கார்டுகள் விற்பனைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி வகையின் மெமரி பாதை (கார்டின் சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு போகும் வழி) 192 பிட். பின்னால் வந்த 8 ஜிபி வகையில் அது 128 பிட். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகையில் மெமரியோடு சேர்த்து உள்ளிருக்கும் கோர்களின் (கணக்குப் போடும் அலகுகளின்) எண்ணிக்கையும் குறைவு. அதற்கு முன்பு ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 3 ஜிபி, 6 ஜிபி வகைகளிலும் இதே கதைதான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணோடு நின்றுவிடாமல், மெமரி அளவையும் பிட் அகலத்தையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, மதர்போர்டோடு அது பேசும் பாதை. பட்ஜெட் கார்டுகளில் பல, 16 லேன்களுக்குப் (தரவு போகும் தடங்களுக்குப்) பதிலாக 8 லேன்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் அப்படிப்பட்டவை. இந்தப் பாதையின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதன் 4.0 பதிப்பு உள்ள போர்டில் இதனால் பிரச்சினை இல்லை. பழைய 3.0 போர்டில் மெமரி நிரம்பும் நேரங்களில் கொஞ்சம் அடி வாங்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு 4 லேன்தான், மெமரியும் 4 ஜிபிதான்; அதை 3.0 போர்டில் போட்டால் வேகம் நன்றாகவே படுத்துவிடும்.

1080பிக்கு எவை? ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை இந்த வேலைக்கே வந்தவை. இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பது பெரிய பலம். ஆனால் மதர்போர்டின் பயாஸில் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருளில்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி, இருந்தால்தான் அதை வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேகம் வெகுவாகக் குறையும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன. 1080பியில் குவாலிட்டி அமைப்பு வைத்தாலும் உள்ளே வரையப்படுவது 720பி. நுண்ணிய விவரங்கள் மங்கலாகத்தான் தெரியும். இந்த வசதிகள் இல்லாமலேயே உங்களுக்குப் போதுமான ஃப்ரேம் தரும் கார்டாகப் பாருங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், நேரில் ஓட்டிப் பார்க்க முடிந்தால். ஒரு கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, படம் சிதறுகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா, வெப்பநிலை எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள்.

படி 4: பிராசசர்

ரெசல்யூஷனைக் (திரையின் பிக்சல் எண்ணிக்கையைக்) கூட்டினால் கார்டின் சுமைதான் கூடும். பிராசசரின் சுமை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதனால் 1080பி, 144 ஹெர்ட்ஸ் ஆடுபவருக்கு 4கே, 60 ஹெர்ட்ஸ் ஆடுபவரைவிட நல்ல பிராசசர் தேவைப்படலாம். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் நொடிக்கு 144 முறை விளையாட்டின் கணக்குகளைப் போட்டு முடிப்பது பிராசசர்தானே.

6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்) என்பது நல்ல இலக்கு. ரைசன் 5 5600, கோர் ஐ5-12400எஃப் இரண்டும் இந்த வகை. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் 4 கோர், 8 த்ரெட் கொண்ட ஐ3-12100எஃப் இருக்கிறது. ரைசன் 5 5500 விலையில் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. அதோடு 5500-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வரைதான். மேலே சொன்ன 8 லேன் கார்டுகளோடு சேர்த்துப் பார்த்தால் 5600-க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதே சரி.

இன்டெல் பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு போடப் போவதால் கவலை இல்லை. கார்டுக்கு இப்போது பணமே இல்லை என்றால் ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசரோடு தொடங்கி, பிறகு கார்டு சேர்க்கலாம். அதிலும் 16 எம்பி கேஷ், 3.0 பாதைதான் என்பது நினைவிருக்கட்டும்.

படி 5: மதர்போர்டு

பிராசசரின் சாக்கெட்டைப் (போர்டில் அது உட்காரும் இடத்தின் வகையைப்) பார்த்துத்தான் போர்டு. ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்5, இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. ஏஎம்4 என்றால் டிடிஆர்4 ரேம், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டுமே. எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. வாங்கும் போர்டு எதை ஏற்கும் என்று பார்க்காமல் ரேம் வாங்கிவிடாதீர்கள். ஒன்றுக்கான ரேம் மற்றதில் பொருந்தாது.

ஏஎம்4 மலிவு, ஆனால் அந்த வரிசை முடிவுக்கு வந்துவிட்டது. ஏஎம்5 போர்டுக்கு 2027 வரையும் அதைத் தாண்டியும் ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்ற விரும்பினால் ரைசன் 5 7600, பி650 போர்டு ஜோடிக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. அந்தக் கூடுதல் பணம் கார்டை ஒரு படி கீழே இறக்கிவிடும் என்றால் ஏஎம்4-ஐயே எடுங்கள்.

ஏஎம்4-இல் பி550 போர்டு 4.0 பாதை தரும், ஏ520 தராது. பழைய பி450 போர்டு ரைசன் 5000 பிராசசரை அடையாளம் காண பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டு என்றால் பிராசசர் போடாமலே பென்டிரைவ் மூலம் அப்டேட் செய்துவிடலாம்.

படி 6: ரேம்

16 ஜிபி, 8 ஜிபியாக இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்கினால் டூயல் சேனல் கிடைக்காது; பிராசசருக்குத் தரவு போகும் பாதை பாதியாகிவிடும். டிடிஆர்4 என்றால் வேகம் 3200, தாமத அளவு சிஎல்16. ஏஎம்5-க்கு டிடிஆர்5 6000. போர்டில் 4 ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டுகளில் செருகுங்கள்.

படி 7: எஸ்எஸ்டி

1 டிபி என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையைப் பயன்படுத்தும் வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்று. பெரிய விளையாட்டுகள் 100 ஜிபியைத் தாண்டிவிட்டதால் 500 ஜிபி சீக்கிரம் நிரம்பும். 3.0 வகை நொடிக்குச் சுமார் 3500 எம்பி வரை படிக்கும். விளையாட்டு திறக்கும் நேரத்தில் அதைவிட வேகமானவற்றோடு பெரிய வித்தியாசம் தெரியாது. போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 வடிவத்தில் சாட்டா என்ற மெதுவான வகையும் உண்டு. அதன் வேகம் 550 எம்பி அளவில் நின்றுவிடும் என்பதால் பெட்டியில் என்விஎம்இ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: பவர் சப்ளை

பட்ஜெட் இறுகும்போது எல்லோருடைய கையும் முதலில் இங்கேதான் போகிறது. அப்படிச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற பாகங்கள் மோசமாக இருந்தால் விளையாட்டு மெதுவாகும், அவ்வளவுதான். மோசமான பவர் சப்ளை தான் போகும்போது கார்டையும் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

கணக்கு எளிது. ஆர்எக்ஸ் 7600 கார்டுக்கு 165 வாட். ரைசன் 5 5600 முழுச் சுமையில் சுமார் 76 வாட். போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டிக்கு 60 வாட் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 300 வாட்தான். கார்டு நொடியின் சிறு பகுதியில் திடீரென்று அதிகம் இழுக்கும். பிறகு கார்டை மாற்றவும் இடம் வேண்டும். அதனால் நல்ல 550 அல்லது 650 வாட் போதும்.

‘நல்ல’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 550 வாட் சப்ளைக்கு இது நேர்மையான எண். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். பெருக்கி வரும் எண் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைவிட வெகுவாகக் குறைந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை, பாதிச் சுமையில் 85 சதவீதத் திறன் உண்டு என்று மட்டுமே சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மின்னழுத்தம், மின்னோட்டம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் பட்டியலில் இருக்கின்றனவா, வாரன்டி 5 ஆண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பாகத்தைப் பழையதாக வாங்க வேண்டாம். கழற்றக்கூடிய கேபிள்கள் இருந்தால், வேறு சப்ளையின் கேபிளை இதில் செருகவே கூடாது. பிளக் பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம்.

படி 9: கேபினட், கூலர்

முன்பக்கம் வலையாக உள்ள கேபினட் எடுங்கள். கண்ணாடி மூடிய முகப்பு அழகாக இருக்கும், காற்று போகாது. கார்டின் நீளம், கூலரின் உயரம், போர்டின் அளவு மூன்றும் கேபினட்டின் அளவுகளுக்குள் அடங்குகின்றனவா என்று மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். ரைசன் 5 5600 போல 65 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசசர்களுக்குப் பெட்டியோடு வரும் கூலர் போதும்.

படி 10: வாங்கும் முன்பும் முதல்முறை ஓட்டும்போதும்

முழுப் பட்டியலையும் பிசிபார்ட்பிக்கர் தளத்தில் போட்டுப் பார்த்தால் சாக்கெட், ரேம் வகை போன்ற பெரும்பாலான பொருத்தக் கோளாறுகளை அது காட்டிவிடும். பாகங்கள் வந்ததும் எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் திணிக்காமல், போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்துப் பிராசசர், கூலர், ஒரு ரேம், கார்டு, பவர் சப்ளை மட்டும் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். டிடிஆர்5 கம்ப்யூட்டர் முதல்முறை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, அணைத்துவிடாதீர்கள்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள்; இயக்காவிட்டால் நீங்கள் வாங்கிய 3200 ரேம் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் நிறுவி, கார்டின் டிரைவரைப் போட்ட பிறகு டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியைத் திறந்து, ரெஃப்ரெஷ் ரேட் 60-இல் நிற்கிறதா என்று பார்த்து 144-க்கு மாற்றுங்கள்.