ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நீக்குவது எப்படி? இலங்கை அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை, படிப்படியாக

இலங்கையில் விலைவாசி ஏறினாலும் சரி, தேர்தல் தள்ளிப்போனாலும் சரி, "குற்றப்பிரேரணை கொண்டுவந்து ஆளை அனுப்பலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லத் தொடங்கிவிடுவார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை அந்த வழியில் ஒரு ஜனாதிபதிகூட வீட்டுக்குப் போகவில்லை. வழி இருக்கிறது, 38ஆம் உறுப்புரையின் 2ஆம் பந்தியில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பலர் நினைப்பதுபோல இது வாக்கெடுப்பில் தோற்கிற விடயமில்லை. சபாநாயகரின் மேசையைத் தாண்டுவதே பெரும்பாடு.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல்: இங்கே "உயர் நீதிமன்றம்" என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். உங்கள் ஊரில் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்.

தொடங்கும் முன்: மூன்று எண்கள்

பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்கள் 225 பேர். அதில் பாதி 112.5, ஆகவே 113. மூன்றில் இரண்டு பங்கு சரியாக 150. இந்த 150 என்பது சபையில் அன்று வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "சமுகமளிக்காதவர்கள் உட்பட" முழு எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு என்பதே விதி. காய்ச்சல் என்று வீட்டில் இருப்பவரும், வெளிநாட்டில் இருப்பவரும், தேநீர் குடிக்க எழுந்து போனவரும் ஜனாதிபதிக்கு ஆதரவாக வாக்களித்ததற்குச் சமம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். சபைக்குத் தலைமை தாங்குபவருக்கு முதல் சுற்றில் வாக்கு இல்லை. வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் வாக்களிக்கலாம். ஆகவே 224 பேருக்குள்தான் 150ஐத் தேட வேண்டும்.

படி 1: குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுத்தல்

"நாட்டை நாசமாக்கிவிட்டார்" என்பது குற்றச்சாட்டு ஆகாது. உறுப்புரை ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் ஆறே ஆறு. முதலாவது, உடல் அல்லது உளத் தளர்ச்சியால் கடமைகளை நிரந்தரமாகச் செய்ய இயலாமை. மற்ற ஐந்தும் குற்றங்கள்: அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியமை, தேசத்துரோகம், இலஞ்சம், பதவி அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்த துர்நடத்தை அல்லது ஊழல், ஒழுக்கக்கேட்டைச் சார்ந்த சட்டக் குற்றம்.

"வேண்டுமென்றே" என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். 2018 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை மாற்றினார், நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு, அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதனால் அவர் பதவி இழந்தாரா? இல்லை. ஒரு செயல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொல்வது ஒன்று, அதைத் தெரிந்தே செய்தார் என்று 38இன் கீழ் நிரூபிப்பது இன்னொன்று. அந்தத் தீர்ப்பு கையில் இருந்தால் வாதத்துக்கு உதவும், அதோடு வேலை முடிந்துவிடாது.

படி 2: ஆவணத்தை எழுதுதல்

எந்த ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் சபாநாயகருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கொடுத்துத் தொடங்கலாம். அதில் குற்றச்சாட்டுகளின் முழு விபரமும் இருக்க வேண்டும். எந்தச் செயல், எந்த நாள், எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று எழுதாத பிரேரணை முதல் நாளே விழும். உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்ற கோரிக்கையும் அதிலேயே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு ஆலோசனை. குற்றச்சாட்டுகளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். பட்டியல் நீளமானால் மேடையில் வாசிக்க நன்றாக இருக்கும். நீதிமன்றத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று வைக்க வேண்டியிருக்கும். பலவீனமான பத்துக்குள் பலமான இரண்டு காணாமல் போய்விடும்.

படி 3: கையொப்பங்கள்

எல்லாம் கெட்டுப்போகிற இடம் இதுதான். இரண்டு பாதைகள் உண்டு.

அ) 150 பேர் கையொப்பமிட்டால், பந்தி கேட்கிற விபரங்களும் சரியாக இருக்கும்போது, சபாநாயகரின் தனிப்பட்ட அபிப்பிராயத்துக்கு அங்கே வேலை இல்லை.

ஆ) 113 பேர் கையொப்பமிட்டால் போதும், ஆனால் குற்றச்சாட்டுகள் விசாரணைக்குத் தகுந்தவை என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும்.

இரண்டாவது பாதை இலகுவாகத் தெரியும். உண்மையில் முழுப் பாரத்தையும் ஒரே ஆளின் தோளில் ஏற்றுகிற பாதை அது. அந்த ஆள் பெரும்பாலும் ஆளும் கட்சிக்காரர்.

1991இல் அப்போதைய ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக நடந்ததைப் பாருங்கள். முன்னின்றவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமில்லை, அவருடைய சொந்தக் கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்கவும் லலித் அத்துலத்முதலியும். ஓகஸ்ட் இறுதியில் அறிவித்தல் சபாநாயகர் எம். எச். முகமதுவிடம் போனது. அவர் முதலில் அதை ஏற்றுக்கொண்டார். அந்நாளைய விதிப்படி அப்படி ஏற்றதும் ஜனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. ஆனால் கூட்டத்தொடரை ஒத்திவைக்க முடியும், பிரேமதாச அதைச் செய்தார். கிடைத்த வாரங்களில் கையொப்பமிட்டவர்களிடையே ஆட்டம் தொடங்கியது. சிலர் பின்வாங்கினார்கள், சில கையொப்பங்கள் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. ஒக்டோபரில், செல்லுபடியான கையொப்பங்கள் போதாது என்று அதே சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். சபையில் ஒரு வாக்குக்கூடப் போடப்படவில்லை.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைக் குறிப்புகள்:

- எல்லையில் நிற்காதீர்கள். 113 வேண்டுமானால் 125ஆவது கையில் இருக்கட்டும்.
- ஒவ்வொரு கையொப்பமும் முழுப் பிரேரணையைப் பார்த்த பிறகு, திகதியோடு, பெயரோடு வாங்கப்படட்டும். வெற்றுத் தாளில் வாங்கிய கையொப்பத்தைப் பிறகு மறுப்பது மிகச் சுலபம்.
- சேகரிப்பும் கையளிப்பும் ஒரே மூச்சில் நடக்கட்டும். வாரக்கணக்கில் இழுத்தால் செய்தி கசியும், தொலைபேசி அழைப்புகள் தொடங்கும்.

ஆளும் கட்சி உறுப்பினர் கையொப்பமிட்டால் அவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 99ஆம் உறுப்புரையின் 13ஆம் பந்தியின்படி, கட்சி அவரை நீக்கினால் ஒரு மாதத்தில் அவருடைய ஆசனம் போய்விடும். அதற்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினால் மட்டுமே தப்பலாம். 1991இல் காமினியும் லலித்தும் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், ஆசனங்களை இழந்தார்கள்.

2024 நவம்பர் தேர்தல் முடிவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசிய மக்கள் சக்திக்கு 159, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 66. அந்த 66 பேரும் ஒன்றாகக் கையொப்பமிட்டாலும் 113க்கு 47 குறைகிறது. வாக்கெடுப்பில் 150 எடுக்க ஆளும் தரப்பிலிருந்து 84 பேர் வர வேண்டும்.

படி 4: முதல் வாக்கெடுப்பு

பிரேரணை ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் அன்றைய நிகழ்ச்சி நிரல்) ஏறி, விவாதம் நடந்து, 150 பேர் ஆதரவாக வாக்களிக்க வேண்டும். இதில் வென்றால் ஜனாதிபதி நீக்கப்பட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். குற்றச்சாட்டுகளை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அனுமதி மட்டுமே கிடைத்திருக்கிறது. அவர் தொடர்ந்து பதவியில்தான் இருக்கிறார். விசாரணைக் காலத்தில் அதிகாரம் தானாக இடைநிறுத்தப்படும் ஏற்பாடும் இல்லை. தென்கொரியாவில் சட்டமன்றம் வாக்களித்த உடனேயே ஜனாதிபதியின் அதிகாரம் நின்றுவிடும். இங்கே அப்படி இல்லை.

படி 5: உயர் நீதிமன்றம்

129ஆம் உறுப்புரையின்படி குறைந்தது ஐந்து நீதியரசர்கள் கேட்க வேண்டும். பிரதம நீதியரசர் வேறுவிதமாகப் பணிக்காவிட்டால் அவரும் அமர்வில் இருப்பார். தீர்மானத்தைச் சபாநாயகருக்கு அறிவிக்க இரண்டு மாதம். ஜனாதிபதி நேரிலோ சட்டத்தரணி மூலமோ தன் பக்கத்தைச் சொல்லலாம். நீதிமன்றம் காரணங்களோடு அறிக்கை தர வேண்டும்.

பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை 2013 ஜனவரியில் நீக்கியபோது விசாரித்தது பாராளுமன்றத் தெரிவுக்குழு, அது முற்றிலும் வேறு உறுப்புரை. அந்த நினைவை வைத்துக்கொண்டு ஜனாதிபதியையும் தெரிவுக்குழு விசாரிக்கும் என்று எழுதுபவர்கள் நிறையப்பேர். தவறு. நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று சொன்னால் விடயம் அங்கேயே முடிந்தது.

படி 6: இரண்டாவது வாக்கெடுப்பு

குற்றம் உண்டு, அல்லது நிரந்தர இயலாமை உண்டு என்று அறிக்கை வந்தால் மறுபடியும் 150 வேண்டும். உறுப்புரையில் இருக்கும் சொல் "நீக்கலாம்". நீக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன ஒருவரைப் பாராளுமன்றம் அப்படியே வைத்திருக்கவும் சட்டம் இடம் தருகிறது!

படி 7: வெற்றிடத்தை நிரப்புதல்

பிரதமர் பதில் ஜனாதிபதியாவார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களிலிருந்து ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். அவர் மிச்சமிருக்கும் காலத்துக்கு மட்டுமே பதவி வகிப்பார். 2022இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தானே விலகியபோது, ஜூலை 20இல் இப்படித்தான் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளோடு தெரிவானார், டளஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3.

அடிக்கடி குழப்பும் இரண்டு

நம்பிக்கையில்லாப் பிரேரணை பிரதமரையும் அமைச்சரவையையும் வீழ்த்தும், ஜனாதிபதியை அசைக்காது. 2022 மே 17இல் கோட்டாபய ராஜபக்ஷ மீதான அதிருப்தியைத் தெரிவிக்கும் பிரேரணையை உடனடியாக விவாதிக்க எதிர்க்கட்சி உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் நிலையியற் கட்டளைகளை (சபையின் நடைமுறை விதிகளை) இடைநிறுத்தக் கேட்டார். ஆதரவு 68, எதிர்ப்பு 119. வென்றிருந்தாலும் அது அரசியல் அழுத்தமாக மட்டுமே இருந்திருக்கும்.

இரண்டாவது, இராஜினாமாவும் நீக்கமும் ஒன்றே என்ற எண்ணம். 38இன் கீழ் நீக்கப்பட்டவர் 92ஆம் உறுப்புரையின்படி மீண்டும் ஜனாதிபதியாகத் தெரிவாகும் தகுதியை இழக்கிறார். தானே விலகுபவருக்கு அந்தத் தடை இல்லை. விலகுவதற்கு 113ம் வேண்டாம், 150ம் வேண்டாம், சபாநாயகருக்கு ஒரு கடிதம் போதும். 2022 ஜூலையில் கோட்டாபயவின் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது.