இலவ மரத்தின் அடியில்: பலன் தராத முயற்சியை விடும் காலத்தை அறிவது எப்படி?

இலவ மரத்தில் பச்சைக் காய்களைக் கண்ட கிளி, அவை கனியும் என்று நம்பிக் காத்திருந்தது. காய் முற்றி வெடித்தபோது உள்ளே இருந்தது பஞ்சு. ஏமாந்துபோனவரைச் சொல்ல நாம் இந்த உவமையைக் கையாள்கிறோம். அந்தக் கிளி நெடுங்காலம் காத்திருந்ததில் பிழை ஏதுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தான் அமர்ந்திருக்கும் மரம் எது என்று ஒருமுறைகூட விசாரிக்காததுதான் பிழை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதும் நம் பழமொழிதான், அதுவும் உண்மைதான். இவ்விரண்டில் நம் நிலைக்குப் பொருந்துவது எது என்பதை நம் களைப்பின் அளவும் சொல்லாது, நாம் செலவிட்ட ஆண்டுகளின் எண்ணிக்கையும் சொல்லாது. அதைக் கண்டறிய வேறு சில கேள்விகளை, ஓர் ஒழுங்கோடு, நாமே நம்மிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு தாளை எடுத்து, இந்த முயற்சியிலிருந்து எதிர்பார்க்கும் பலன் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் பலர் தடுமாறுவார்கள், ஏனெனில் தொடங்கியபோது இருந்த நோக்கம் நடுவழியில் எங்கோ மாறியிருக்கும். வருமானத்துக்காகத் தொடங்கியதை இப்போது மதிப்புக்காகத் தொடர்ந்துகொண்டிருக்கலாம். விருப்பத்துக்காகத் தொடங்கியது இப்போது பிறருக்குக் கொடுத்த வாக்காக மட்டும் எஞ்சியிருக்கலாம். எழுதிய பிறகு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் எழுதிய அந்தப் பலன் ஒருநாளும் கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், அடுத்த வாரமும் இந்த வேலையில் உட்காருவீர்களா? உட்காருவேன் என்பது மனமார்ந்த பதிலானால், வேலையே உங்களுக்குப் பலனைத் தந்துகொண்டிருக்கிறது. அதை விடுவதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. மாட்டேன் என்றால், மேற்கொண்டு படியுங்கள்.

அடுத்து, மெதுவாக வளர்வதையும் வளராமலே நிற்பதையும் பிரித்தறிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனெனில் இரண்டிலும் கையில் பலன் இல்லை. நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு: உங்கள் பிழைகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். உண்மையாகவே வளர்ந்துகொண்டிருக்கும் முயற்சியில் முதல் ஆண்டின் பிழைகள் மூன்றாம் ஆண்டில் இருக்காது. அவற்றின் இடத்தில் இன்னும் நுட்பமான, முன்பு கண்ணுக்கே தெரியாத பிழைகள் வந்திருக்கும். தேர்வில் தோற்பவர், முன்பு எல்லாப் பகுதிகளிலும் தடுமாறியவர், இப்போது ஒரே பகுதியில் மட்டும் தடுமாறுகிறார் என்றால் அம்மி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தொழில் நடத்துபவர், வாடிக்கையாளரே வராத நிலையிலிருந்து, வந்தவர்கள் திரும்பி வராத நிலைக்கு வந்திருந்தால் அதுவும் நகர்வுதான். மாறாக, அதே இடத்தில், அதே காரணத்துக்காக, அதே விதமாக மூன்றாம் முறையும் தோற்றால், கூடுதல் உழைப்பு அந்தத் தோல்வியை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க ஆதாரம் இல்லை. அப்போதும் உடனே குறிக்கோளை விட்டுவிடாமல், வழியை ஒருமுறை முற்றிலும் மாற்றிப் பார்ப்பது நியாயம். வழியை மாற்றியும் பிழை மாறவில்லை என்றால்தான் குறிக்கோளின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும்.

இதை உங்களுக்குள் மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தால் போதாது. உளவியலாளர் டேனியல் கானமன் சொன்ன அனுபவம் ஒன்று இங்கே நன்றாகப் பொருந்தும். இஸ்ரேலில் பள்ளி மாணவர்களுக்கான ஒரு பாடத்திட்டத்தை எழுதும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று கேட்டபோது, குழுவில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 2 ஆண்டுகள் என்று மதிப்பிட்டனர். பின்னர், அந்தத் துறையில் அனுபவம் மிக்க ஒருவரிடம், இதேபோன்ற பிற குழுக்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் 7 முதல் 10 ஆண்டுகள் ஆயின என்றார் அவர். வியப்பு என்னவென்றால், சற்று முன்பு 2 ஆண்டுகள் என்று மதிப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த உண்மை வெளியே வந்த பிறகும் குழு கலையவில்லை. வேலை முடிய 8 ஆண்டுகள் ஆயின, முடிந்தபோது அந்தப் பாடத்திட்டத்தை யாரும் பயன்படுத்தவில்லை. ஆகவே, உங்கள் வழியில் முன்பே நடந்தவர்களைத் தேடிச் சென்று கேளுங்கள். என்னால் முடியுமா என்று கேட்காதீர்கள். அன்புள்ளவர்கள் அதற்கு உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். நான் இருக்கும் இந்தக் கட்டத்தில் நீங்கள் இருந்தபோது உங்கள் கையில் என்ன இருந்தது, உங்களோடு தொடங்கியவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். வென்றவர்களிடம் மட்டும் கேட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். பாதியில் விட்டவர்களையும் தேடிக் கேட்பது மிகவும் பயன்தரும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் விட முடியாமல் தடுப்பது, பெரும்பாலும், ஏற்கெனவே செலவாகிவிட்ட பணமும் ஆண்டுகளும்தான். 1985ஆம் ஆண்டு ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டை, அதாவது ஒரு பருவத்தின் நாடகங்கள் அனைத்துக்குமான சீட்டை, வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், வேறு சிலருக்கு, அவர்கள் கேட்காமலே, தள்ளுபடி விலையிலும் சீட்டுகள் தரப்பட்டன. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றே. ஆயினும் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தனர். எந்த வகையிலும் திரும்பி வராத சில டாலர்கள், மாலைப் பொழுதை எங்கே கழிப்பது என்பதைத் தீர்மானித்தன. அதற்கு முன்னரே, 1976இல், பேரி ஸ்டா என்பவர் வணிக மேலாண்மை மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் இன்னொரு பக்கம் தெரியவந்தது: நட்டத்தில் போகும் ஒரு நிறுவனப் பிரிவுக்குப் பணம் ஒதுக்கும்போது, அந்தப் பிரிவை முதலில் தாமே தேர்ந்தெடுத்தவர்கள், வேறொருவர் தேர்ந்தெடுத்ததைப் பெற்றவர்களைக் காட்டிலும் அதிகமான பணத்தை அதிலேயே கொட்டினர். நம் பழைய முடிவு தவறில்லை என்று நிறுவுவதற்காகவே மேலும் செலவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்வது கசப்பானது. ஆயினும் அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த விசாரணையை முடிக்க இயலாது.

அந்தப் பிடியிலிருந்து விலகி நிற்க, ஆண்டி குரோவ் கேட்ட கேள்வியைவிட நல்ல கருவியை நான் அறியேன். 1985இல் இன்டெல் நிறுவனம், தான் பெயர் பெற்ற நினைவகச் சில்லுகளின் தொழிலில், ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் தொடர்ந்து நட்டம் கண்டுகொண்டிருந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான குரோவ், மற்றொரு தலைவரான கார்டன் மூரிடம், நம்மை நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரை அமர்த்தினால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத் தொழிலை விட்டு வெளியேறுவார் என்று மூர் சொன்னதும், அதை நாமே ஏன் செய்யக் கூடாது என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். கணினியின் மூளையான நுண்செயலிகளில் அந்த நிறுவனம் பின்னர் அடைந்த வளர்ச்சி யாவரும் அறிந்தது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்: இன்று காலை புதிதாக ஒருவர் உங்கள் இடத்துக்கு வருகிறார், உங்கள் திறனும் கடனும் நேரமும் அவருக்கு உண்டு, உங்கள் கடந்த காலம் மட்டும் இல்லை, அவர் இந்த முயற்சியை இன்று தொடங்குவாரா? மாட்டார் என்று தயங்காமல் தோன்றினால், உங்களைப் பிடித்துவைத்திருப்பது கடந்த காலம் மட்டுமே.

முயற்சியில் ஒன்றுமே எஞ்சாத வரை காத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் தவறானது. 1976இல் உயிரியலாளர் எரிக் சார்னோவ், இரை தேடும் விலங்குகளைப் பற்றிக் கணித முறையில் ஒன்றைக் காட்டினார்: ஒரு புதரில் கனிகள் தீர்ந்த பிறகு விலங்கு அகல்வது சிறந்ததன்று, அந்தப் புதரில் கிடைக்கும் வேகம், சுற்றுப்புறம் முழுவதிலும் பயணத்தையும் சேர்த்துச் சராசரியாகக் கிடைக்கக்கூடிய வேகத்துக்குக் குறையும்போதே அகல வேண்டும். அடுத்த புதர் தொலைவில் இருந்தால் இங்கே சற்றுக் கூடுதலாகத் தங்கலாம் என்பதும் அதிலேயே அடங்கும். எனவே கைவிடலாமா என்ற கேள்வியை, வேறு எதற்காகக் கைவிடுவது என்ற கேள்வியோடு சேர்த்தே கேளுங்கள். வாரத்துக்கு 10 மணி நேரம் கொடுத்தால் ஆண்டுக்கு 520 மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் செய்யக்கூடிய வேறு இரண்டு வேலைகளை எழுதிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

விடுவதற்கு மிகக் கடினமானவை எதையும் தராத முயற்சிகள் அல்ல, எப்போதாவது கொஞ்சம் தருபவை. எப்போதும் தீனி கிடைத்துப் பழகிய புறாவைவிட, அவ்வப்போது மட்டும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும் என்பது நடத்தை ஆய்வுகளில் பலமுறை காணப்பட்ட உண்மை. நான் ஒரு நாவலை ஏழு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பாராட்டுவார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த பதினொரு மாதங்களை நகர்த்துவேன். நினைவில் அந்தப் பாராட்டுகள் நிறைந்திருந்ததால் நாவல் வளர்கிறது என்றே நம்பினேன். பிறகு மூன்று மாதங்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் அமர்ந்தேன், எழுதியதில் எவ்வளவு மறுநாள் எஞ்சியது என்று குறிப்பேட்டில் எழுதினேன். எஞ்சியவை நான்கு பக்கங்கள். நினைவு மேடுகளை மட்டுமே சேர்த்துவைக்கும். குறிப்பேட்டில் பள்ளங்களும் பதிவாகும். ஆகவே முடிவெடுக்கும் முன் குறைந்தது இரண்டு மூன்று மாதங்களாவது இப்படிப் பதிவு செய்யுங்கள்.

பதிவோடு ஓர் எல்லையும் வேண்டும், அதை மனம் தெளிவாக இருக்கும்போதே வகுக்க வேண்டும். துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1909 ஜனவரி 9 அன்று, மூன்று தோழர்களுடன், தென் துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவு வரை சென்றுவிட்டுத் திரும்பினார். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு தெற்கே சென்றதில்லை. முன்னேறுவதற்கான வலிமை அவர்களிடம் இன்னும் சிறிது இருந்திருக்கலாம். ஆனால் திரும்பும் வழிக்கு வேண்டிய உணவின் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. திரும்பிய பயணமே பசியால் மிகக் கொடியதாக இருந்தது, ஆயினும் நால்வரும் உயிருடன் மீண்டனர். உங்கள் எல்லையும் இப்படித்தான் அமைய வேண்டும்: மேலே செல்ல எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதைவிட, திரும்பி வாழ்வதற்கு எவ்வளவு மீதம் இருக்க வேண்டும் என்பதிலிருந்து அதைக் கணக்கிடுங்கள். சேமிப்பு எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது, உறக்கமும் உடல்நலமும் எந்த நிலைக்கு மேல் கெடக் கூடாது என்று முடிவு செய்து, அதனுடன் ஒரு தேதியையும், அந்தத் தேதிக்குள் நடந்திருக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். 'முன்னேற்றம் தெரியாவிட்டால் விடுவேன்' என்று எழுதாதீர்கள். முன்னேற்றம் தெரிவதாக மனம் எப்போதும் சொல்லும். 'இந்தத் தேதிக்குள் பணம் கொடுத்து வாங்குபவர் ஐந்து பேர் இல்லையென்றால்' என்று எண்ணிச் சரிபார்க்கக்கூடியதாக எழுதி, நீங்கள் மதிக்கும், உங்கள் வெற்றியால் ஆதாயம் இல்லாத ஒருவரிடம் அதன் பிரதியைக் கொடுங்கள்.

தோல்வியடைந்த நாளிலோ, அவமானப்பட்ட மாலையிலோ, நோயுற்றிருக்கும்போதோ முடிவெடுக்காதீர்கள். உங்கள் முயற்சியை நம்பிப் பிறர் வாழ்கிறார்கள் என்றால், அவர்களிடம் பேசாமல் தனியாக முடிவெடுப்பதும் கூடாது. தொடர்ந்த சோர்வு எல்லா வேலைகளிலும், உணவிலும் உறவிலும்கூடத் தெரிந்தால், கோளாறு இந்த முயற்சியில் இல்லாமல் இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

விடுவது என்று தீர்மானித்தால், அதையும் ஒரு வேலையாகக் கருதிச் செய்யுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சொல்ல வேண்டியவர்களிடம் நீங்களே நேரில் சொல்லி, மீட்கக்கூடியவற்றை, அதாவது கற்ற திறனையும் பழகிய மனிதர்களையும் எழுதிய குறிப்புகளையும், பிரித்து எடுத்துவையுங்கள். சில வாரங்களுக்கு வருத்தம் இருக்கும். முடிவு தவறு என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், பெரிய முடிவுகளில் தயங்கிக்கொண்டிருந்தவர்களை நாணயம் சுண்டிப் பார்க்கச் செய்து நடத்திய ஆய்வில் 20,000க்கும் மேற்பட்ட முறை நாணயங்கள் சுண்டப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் கேட்டபோது, மாற்றத்தைச் செய்தவர்களே, பழையதைத் தொடர்ந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் முன்பே தயக்கத்தில் இருந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நிறைவாக இருப்பவருக்கு இந்த முடிவு பொருந்தாது. அதேபோல், கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகள், எட்ட முடியாத குறிக்கோளை விட வல்லவர்களும், அதன் இடத்தில் புதிய குறிக்கோளை ஏற்க வல்லவர்களும் கூடுதல் மனநலத்தோடு இருப்பதைக் காட்டின. ஆகவே விடுவிக்கப்பட்ட மணி நேரங்களைக் காலியாக விடாதீர்கள். பக்கத்தில் எழுதிவைத்த அந்த இரண்டு வேலைகளில் ஒன்றை, பழைய முயற்சிக்கு ஒதுக்கியிருந்த அதே நேரத்தில், அதே வாரத்திலேயே தொடங்குங்கள். நாவலுக்கு ஒதுக்கியிருந்த காலை நேரத்தில் நான் சிறுகதை எழுத அமர்ந்தேன். அந்த நான்கு பக்கங்களில் இரண்டு, முதல் கதைக்குள் அப்படியே வந்து சேர்ந்தன.