கறுப்பின வரலாறு பேசும் நாவல்களுக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி?

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் எட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒருவர் வீட்டில் கூடி, படித்த நாவலைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாசிக்கிறோம். குற்றம், காதல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு ஆகிய மூன்றும் கலந்த நாவல்களை எடுத்துக்கொண்டபோது, எழுதி வந்த கருத்துகளில் பாதி "விறுவிறுப்பாக இருந்தது", "காதல் பகுதி இழுவை" என்ற அளவிலேயே நின்றன. வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்' நாவலைப் பற்றி, "கறுப்பின நாயகன் ஈஸி ராலின்ஸ் தொடக்கத்திலேயே போலீசிடம் போயிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்" என்று நானும் எழுதி வாசித்தேன். பக்கத்தில் இருந்த அம்மையார் ஒருவர் ஒன்றும் பேசாமல், போலீசாரே அவனைப் பிடித்துப் போய் அடிக்கும் பக்கத்தைப் புரட்டி என் மடியில் வைத்தார். அதை நான் படித்திருந்தேன். பரபரப்பான ஒரு காட்சியாக மட்டும் படித்துத் தாண்டியிருந்தேன்.

அன்றிலிருந்து புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாத்திரங்கள் போலீசை நாடாமல் ஒதுங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, உங்கள் கருத்தை அங்கிருந்து தொடங்குங்கள். குற்றமும் காதலும் வரலாறும் முடிச்சிட்டுக் கிடக்கும் இடம் பெரும்பாலும் அதுவே.

அதற்குப் படிக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பிரதியானால் பென்சிலால் தாராளமாகக் கோடு போடலாம். இரவல் புத்தகமானால் ஒரு துண்டுத்தாள் போதும். பக்க எண், கதை நடக்கும் ஊர், கதை நடக்கும் ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். நாவல் வெளிவந்த ஆண்டையும் கதை நிகழும் ஆண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மோஸ்லியின் நாவல் வந்தது 1990இல். கதை நடப்பது 1948இல், லாஸ் ஏஞ்சல்ஸில்.

ஆண்டு தெரிந்தவுடன், அந்த ஆண்டில் அந்த மாநிலச் சட்டம் எதைக் குற்றம் என்றது என்று பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுத்தாலும் தகும். தப்பி ஓடிய அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு நாடு முழுவதுக்குமான 1850ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை விதித்தது. அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் ஏற்கவே இல்லை. கணவனை ஒரு பண்ணைக்கும் மனைவியை வேறொரு பண்ணைக்கும் விற்க முடிந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைத் தடுத்த சட்டத்தைக் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நீக்கியது 1948 அக்டோபரில். நாடு முழுவதும் அத்தகைய தடைகள் செல்லாதவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூன் 12 அன்றுதான். இதைத் தெரிந்துகொண்டு மோஸ்லியின் நாவலை மறுபடி புரட்டினேன். இழுவை என்று நாங்கள் தள்ளிய காதலில்தான் கதையின் ஆபத்து முழுவதும் இருந்தது.

டோனி மாரிசனின் 'ஜாஸ்' இந்த முறைக்கு நல்ல பயிற்சி. 1926இல், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில், ஐம்பது வயது ஜோ தன் இளம் காதலி டோர்கஸைச் சுட்டுவிடுகிறான். மனைவி வயலெட் சவ அடக்கத்துக்குப் போய்ப் பிணத்தின் முகத்தைக் கத்தியால் கீறுகிறாள். கொன்றவன் யார் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுவதால் துப்பறிய எதுவும் மிச்சமில்லை. ஆனால் டோர்கஸின் சித்தி ஏன் வழக்குத் தொடுக்கவில்லை, ஆம்புலன்ஸ் ஏன் விடியும்வரை வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பிறகு, 1917இல் கிழக்கு செயிண்ட் லூயிஸில் நடந்த இனக் கலவரத்தில் அந்தப் பெண் தாய் தந்தை இருவரையும் இழந்தவள் என்ற செய்தியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதுவதற்கு ஒரு பக்கம் போதாமல் போகும்.

கதைச் சுருக்கம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். துப்பறியும் நாவலின் முடிவை எழுதவே வேண்டாம்.

நம் வாழ்க்கையோடு ஒப்பிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒப்பிடலாம், 1972இல் தலித் பேந்தர்ஸ் இயக்கம் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கமான பிளாக் பேந்தர்ஸ் பெயரைத் தழுவிப் பிறந்த நகரம் இது. ஆனால் முதல் பத்தியிலேயே சாதியைக் கொண்டுவந்தால் நாவல் காணாமல் போய்விடுகிறது. தாராவி நண்பர் ஒருவர் 'ஜாஸ்' பற்றி எழுதியபோது, ஜோவும் வயலெட்டும் 1906இல் வர்ஜீனியாவிலிருந்து ஆடிக்கொண்டே ரயிலில் நகருக்குள் வரும் பக்கத்தை நிதானமாக விளக்கிவிட்டு, திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தம் தாத்தாவைக் கடைசி மூன்று வரிகளில் மட்டும் சொன்னார். அந்த அளவு சரியான அளவு.

சொற்களிலும் கவனம் தேவை. பாத்திரங்கள் வசையாகச் சொல்வதை மேற்கோளுக்குள் மட்டும் வையுங்கள். உங்கள் வாக்கியத்தில் கறுப்பினத்தவர் என்றே எழுதுங்கள். நம் வீடுகளில் "கறுப்பன்" என்று செல்லமாகக் கூப்பிடும் பழக்கத்தை இந்தப் பக்கங்களுக்குள் கொண்டுவர வேண்டாம்.

எழுதியதைக் கூட்டத்தில் வாசித்தபின் உங்கள் கருத்து மாறினால், பழைய வரியை அடித்துவிடாமல் அதன் கீழே தேதியிட்டுப் புதியதை எழுதுங்கள். போலீசைப் பற்றிய என் வரி அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது. அம்மையார் காட்டிய பக்கத்தின் எண்ணை அதற்குக் கீழே குறித்து வைத்திருக்கிறேன்.