ஓடைக்குக் கரை போடுமுன் மறுகாலுக்கு இடம் பாருங்கள்

எங்கள் நாங்குநேரிப் பக்கம் வெள்ளத்தைத் தடுக்க ஓடைக்குக் குறுக்கே கரை போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி உயரம் போடலாம்?" என்றுதான். மறுகால், அதாவது மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகும் வழி, எங்கே என்று நான் திருப்பிக் கேட்பேன். மண்கரைக்கு மேலே தண்ணீர் ஒரு சாண் ஏறி வழிந்தாலே அரிப்பு தொடங்கிவிடும், அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவையும் பிடித்து வைக்கச் சின்னக் கரையால் ஆகாது. அது போக வழி வைப்பதுதான் நம் வேலை.

மறுகாலைப் புதிதாகப் போட்ட மண்ணில் வைக்காதீர்கள். கரை முடியும் ஓரத்தில், சரளோ பாறையோ தட்டுப்படும் பழைய தரையில் வெட்டுங்கள். கரை உச்சியைவிட 3 அடியாவது தாழ்ந்திருக்கட்டும். அகலத்தைப் பொறியாளர் ஒருவர் நீர்ப்பிடிப்புப் பரப்பைப் பார்த்துச் சொல்லட்டும். ஓடை புறம்போக்கு என்றால் அனுமதி இல்லாமல் மண்வெட்டியே எடுக்காதீர்கள்.

இனி கரை. முள்ளையும் வேரையும் தோண்டி எடுத்து, மேல்மண்ணை வழித்துவிடுங்கள். நடுவில் நீளவாக்கில் கெட்டி மண் வரும்வரை வாய்க்கால் போல வெட்டி, களிமண் போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் தண்ணீர் கரைக்கு அடியிலேயே ஊறிப் போய்விடும். கரிசல் கிடைத்தால் உள்ளே மட்டும் போடுங்கள். வெயிலில் வெடிக்கும் மண் அது, மேலே செம்மண் மூட வேண்டும்.

அரையடி அரையடியாகத்தான் மண் போட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலர் ஓட்டுங்கள். ஜேசிபி வாளியால் நாலு தட்டுத் தட்டுவதை இறுக்கம் என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் 3 அடி, வெளிப்பக்கம் 2 அடி சரிவு விடுங்கள். மேலே டிராக்டர் போக 8 அடி. ஆக, 10 அடிக் கரைக்கு அடியகலம் 58 அடி! இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஆறடி உயரம் போதும் என்பார்கள். சரி, அதுவும் நல்லதுதான். மண் அமுங்கும் என்பதால் பத்தடிக்கு ஓரடி உயரம் கூட்டிப் போடுங்கள்.

வெள்ளத்தைத் தடுக்கும் கரையில் தண்ணீர் தேங்கியே கிடக்கக் கூடாது, அடுத்த மழைக்கு இடம் வேண்டுமே. அடியில் ஒரு குழாய் வைத்து மெல்ல வடிய விடுங்கள். குழாயை ஒட்டித் தண்ணீர் கசிந்து வராதபடி இடையிடையே சுற்றிலும் கான்கிரீட் தடுப்புக் கட்டுங்கள்.

புரட்டாசிக்குள் முடித்து அறுகம்புல் பதியுங்கள். மரம் வேண்டாம், வேர் மக்கினால் ஓட்டை விழும். நண்டு வளை, எலி வளைகளை உடனே அடையுங்கள். முதல் தண்ணீர் நிற்கும்போது கரையின் பின்பக்கம் நடந்து பாருங்கள். கசிவு தெளிவாக இருந்தால் கவனித்து வாருங்கள். கலங்கி வந்தால் மண் கரைகிறது என்று அர்த்தம். அந்த வாயை இறுக அடைக்காதீர்கள். மணலைக் கொட்டி, அதன்மேல் சரளை பரப்பி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.