மணிக்கணக்காகப் பால் குடிக்கும் பச்சைக் குழந்தை: முதல் ஆறு வாரத்துக்கான செய்முறை

என் மகள் பிறந்தது ஏப்ரல் கடைசியில். பிரசவம் முடிந்து வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே கதைதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மார்பில் வைத்தால் எட்டு மணி வரை விடமாட்டாள். எடுத்து ஏணையில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வீல் என்று அழுகை. மறுபடியும் முதலிலிருந்து. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பால் பத்தலை, டப்பா பால் வாங்கிக் கொடு."

பால் இருந்தது. நான் பிடித்த விதம்தான் சரியில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினொரு நாள் ஆனது. இதைப் படிப்பவர்களுக்கு அத்தனை நாள் ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: உட்காரும் இடம்

சுவரில் முதுகு முழுக்கச் சாய்கிற மாதிரி உட்காருங்கள். நாற்காலி என்றால் காலுக்கு ஒரு மணை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், ஒரு துணி, ஃபோன். சொம்பைவிட மூடியைத் தட்டித் திறக்கும் பாட்டில் நல்லது. ஒரு கையால் குடித்துவிடலாம். வளைந்த ஃபீடிங் பில்லோ என்று விற்கிறார்களே, ஆயிரக்கணக்கில் செலவு செய்து அதை வாங்க வேண்டியதே இல்லை. இரண்டு கெட்டியான இலவம்பஞ்சுத் தலையணையை மடியில் அடுக்கினால் குழந்தை சரியாக மார்பு உயரத்துக்கு வந்துவிடும்.

படி 2: பிடிப்பு

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, அதன் வாய்க்கு என் மார்பைக் கொண்டுபோனேன். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காம்பின் நுனியை மட்டும் கவ்வினாள். நுனியைச் சப்பினால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால்தான் அத்தனை நேரம். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது, முதுகு ஒடிந்துபோனது. வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீ எதுக்குக் குனியிறே? குழந்தையை உன்கிட்டக் கொண்டா."

அவர் காட்டியது இதுதான். குழந்தையை முழுசாக உங்கள் பக்கம் திருப்புங்கள். அதன் வயிறு உங்கள் வயிற்றில் ஒட்ட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். காம்பு வாய்க்கு நேராக இருக்கக் கூடாது, மூக்குக்கு நேராக இருக்க வேண்டும். காம்பால் மேல் உதட்டை லேசாக வருடினால் குழந்தை தலையைப் பின்னால் சாய்த்துக் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும். பாதி திறந்ததும் அவசரப்படாதீர்கள், முழுசாகத் திறக்கட்டும். திறந்த அந்த நொடியில் தோளோடு சேர்த்து முதுகைப் பிடித்து அணைத்துக்கொள்ளுங்கள். பின்தலையை அழுத்தவே கூடாது. அழுத்தினால் குழந்தை எதிர்த்துத் தலையைப் பின்னுக்கு இழுக்கும்.

தாடை முதலில் மார்பில் பதிய வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டம் மேல் பக்கம் கொஞ்சம் தெரியலாம், கீழ்ப் பக்கம் அநேகமாக வாய்க்குள் போயிருக்க வேண்டும். முதல் சில நொடி சுருக்கென்று இழுக்கலாம். அப்புறமும் வலித்தால் பிடிப்பு சரியில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டு விரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்தால் பிடி தானாக விடும். வெறுமனே இழுத்தால் காம்புதான் கிழியும். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அன்றைக்கு நான் ஏழு தடவை எடுத்து எடுத்து வைத்தேன்.

குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாக இருந்தால் இன்னும் திருத்தம் தேவை. புண்ணுக்கு விலை உயர்ந்த க்ரீம் எதுவும் நான் போடவில்லை. கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காற்றாட விட்டேன். மார்பில் சோப்பு போடுவதையும் நிறுத்தினேன்.

படி 3: குடிக்கிறதா, சும்மா சப்புகிறதா?

நீண்ட நேரம் குடிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிஜமாகவே குடிப்பது. இன்னொன்று, வாயில் வைத்துக்கொண்டு தூங்குவது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது விழுங்கும் சத்தம்.

எனக்கு அது முதலில் கேட்டது கரண்ட் போன ஒரு நேரத்தில். கத்திரி வெயில் நாள், ராத்திரி இரண்டு மணி, மின்விசிறி நின்றுவிட்டது. அந்த அமைதியில் மெதுவாக 'க்... க்...' என்று ஒரு மூச்சு. இரண்டு சப்பு, ஒரு விழுங்கல். தாடை காது வரைக்கும் அசைந்தது. அதுவரை விசிறிச் சத்தத்தில் அதைக் கவனித்ததே இல்லை. இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். நீங்களும் ஒரு தடவை விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பால் போதுமா என்பதைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைய மூத்திரம் போக வேண்டும். பிறந்த எடை முதல் சில நாளில் கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பவில்லை, மூத்திரம் குறைகிறது, எழுப்பினாலும் குடிக்க எழவில்லை, உடம்பில் மஞ்சள் நிறம் கூடுகிறது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உங்கள் மார்பு ஒரு இடத்தில் கட்டியாகிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் அப்படியேதான். போகும்வரை அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

படி 4: பாதியில் தூங்கிவிட்டால்

மார்பை விரல்களால் அணைத்து மெதுவாக அழுத்துங்கள். பால் வரத்து கூடினதும் குழந்தை மறுபடி விழுங்க ஆரம்பிக்கும். விழுங்கல் நின்றதும் அழுத்தத்தை விடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் துணியைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைத் தடவி, மறுபக்கம் மாற்றி வையுங்கள். இதைத் தொடங்கிய மூன்றாம் நாள் என் மகளின் பகல் நேரக் குடி அரை மணி, முக்கால் மணிக்கு வந்தது.

படி 5: சாயங்காலம்

பிடிப்பு சரியான பிறகும் சாயங்காலக் குடி மட்டும் குறையவில்லை. அது குறையாது. அந்த நேரத்தில் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்துக் குடிப்பது வழக்கம். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாவது வாரத்தை ஒட்டியும் இன்னும் கூடும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இந்த நேரத்தில் டப்பா பாலைப் புகுத்தினால் மார்புக்கு 'போதும்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். டாக்டர் தேவை என்று சொன்னால் மட்டும் கொடுங்கள்.

நான் செய்தது: ஐந்தரைக்கே சாப்பிட்டு, குளித்து, ஜிப் வைத்த நைட்டியில் உட்கார்ந்துவிடுவேன். ஆறிலிருந்து எட்டு வரை என்னிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தோளில் போட்டுத் தட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. வார நாளில் அவர் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்தால் அம்மா.

படி 6: ராத்திரி

ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் மேல் பாரம் விழாது. பிடிப்பு விதி அதேதான், வயிற்றோடு வயிறு. கெட்டியான படுக்கை வேண்டும், குழந்தை முகத்தருகே தலையணை, போர்வை கூடாது. தூக்கம் கண்ணைக் கட்டும்போது சோஃபாவில் உட்கார்ந்து மட்டும் கொடுக்காதீர்கள். நீங்கள் அசந்தால் குழந்தை இடுக்கில் நழுவி மூச்சு அடைபடும். குடித்து முடித்ததும் அதன் தனிப் படுக்கையில் மாற்றுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப் புட்டு எல்லாம் நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் பாலைக் கூட்டியது சரியான பிடிப்புதான் என்பது என் அனுபவம்.

பின்னால் சேர்த்தது

வேலூர் வெயிலில் குழந்தைக்குத் தண்ணீர் தர வேண்டாமா என்று பலர் கேட்டார்கள். என் ஆயாவும் "சக்கரத் தண்ணி ரெண்டு சொட்டு வைம்மா, தொண்டை காயுது பாரு" என்றுதான் சொன்னார். ஆறு மாதம் முடியும் வரை வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் இன்னும் அடிக்கடி கொடுங்கள், தண்ணீரை நீங்கள் குடியுங்கள். தேனும் ஒரு வயது வரை கூடாது.

பால் எடுத்து வைப்பது பற்றி: வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட கணக்கு. மே மாதம் நம் வீடுகளில் அந்தக் குளிர்ச்சி கிடையாது. எடுத்ததும் ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்பக்கமாக வையுங்கள்.

செக்கப்புக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளை 2015-ல் அரசு தொடங்கியது. நிலையத்தில் இறங்கியதும் அறை எந்தப் பக்கம், திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுத பிறகு தேடினால் பதற்றத்தில் பிடிப்பு கோணிப்போகும். நான் ஒரு சின்னத் தலையணையையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.